பாலக்கோட்டுக்கு அடியில் ஆறு ஓடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வந்த ஒரு கடிதத்தைப் படித்தேன். தருமபுரி மாவட்டத்தில் ஆயிரத்து இருநூறு அடி ஆழத்தில் பெரிய ஆறு ஒன்று ஓடுகிறது, அதை எட்டும் வரை துளையிட்டால் வறட்சி என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்று ஒரு விவசாயி எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான்கு குழி போட்டும் தண்ணீர் காணாதவர் எழுதிய எழுத்து அது என்று வரிக்கு வரி தெரிந்தது. ஆனால் அச்சில் வந்துவிட்டது. அச்சில் வந்ததை எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். அந்தக் கடிதத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நகையை அடகு வைத்து ஆழ்துளை போடும் ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பிய ஒருவரை இந்த வாரமே எங்கள் ஊர் டீக்கடையில் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிணறு வெட்டுகிறவன். ஊர் பாலக்கோடு வட்டத்தில் இருக்கிறது. என் தகப்பனாருக்கும் இதுவே தொழில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1973இல், பதினான்கு வயதில், கிணற்றுக்குள் இருந்து மண் கூடை தூக்க இறங்கினேன். இப்போது அறுபத்தாறு வயது முடிந்துவிட்டது. கடப்பாரை, சம்மட்டி, உளி, பாறையில் வெடிக்குழி போடும் தமர், வெடி எல்லாவற்றையும் கையாண்டிருக்கிறேன். கிணறு வெட்டும் வேலை குறைந்த பிறகு, பழைய கிணறுகளுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் சைடு போர் போடும் வேலை செய்தேன். ஆழ்துளைக் கிணறு போடும் இடங்களுக்கு, கல் பார்த்துச் சொல்ல, இன்றும் என்னைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் வட்டத்துப் பூமியின் முதல் எழுபது அடியை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அதற்குக் கீழே உள்ளதை, துளையில் இருந்து வரும் தூளாகப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன். எங்கள் மண்ணுக்கு அடியில் ஆறு ஓடவில்லை. பாறைதான் இருக்கிறது. அந்தப் பாறையில் வெடிப்புகள் இருக்கின்றன. தண்ணீர் அந்த வெடிப்புகளில் மட்டும் இருக்கிறது.

கிணற்றுக்குள் இறங்கிப் பார்க்காதவர்களுக்காக, இறங்கும்போது என்ன தெரியும் என்று சொல்கிறேன். மேலே இரண்டு மூன்று அடி செம்மண். சில இடங்களில் அதற்கு அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் என்ற சுண்ணாம்புக் கட்டி. அதற்குக் கீழே மக்கிய பாறை. கடப்பாரையால் குத்தினால் பொலபொலவென்று உதிரும். ஆனால் உற்றுப் பார்த்தால் அது மண் இல்லை என்று தெரியும். பாறையில் இருந்த கறுப்பு வெள்ளைக் கோடுகள் அப்படியே வரி வரியாக நிற்கும்; கையில் எடுத்துப் பிசைந்தால் மட்டும்தான் உதிரும். பாறை எப்படிச் சாகிறது என்பதை அங்கே பார்க்கலாம். பிறகு முப்பதோ நாற்பதோ அடியில் கடப்பாரை கணீரென்று சத்தம் கொடுக்கும். அதற்கு மேல் தமர் அடித்து வெடி வைத்தால்தான் இறங்க முடியும். சாம்பல் நிறப் பாறை, நடுநடுவே காக்காப்பொன் (மைக்கா) மினுக்கம், குறுக்கே வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) ஓடிய வெள்ளைக் கோடு. அந்தப் பாறையில் எங்கேயாவது ஒரு வெடிப்பில் ஈரம் கசியும். அதைக் கண் என்போம். ஒரு கண் திறந்தால் அன்றைக்கு நிலத்துக்காரர் வீட்டில் பாயசம் வைப்பார்கள். ஐம்பது ஆண்டுகளில் நான் பார்த்த பெரிய வெடிப்பில் என் கை முழங்கை வரை போயிற்று. அதைவிட அகலமான வெற்றிடத்தை நான் எந்தக் கிணற்றிலும் பார்த்ததில்லை.

பூமிக்கு அடியில் ஆறு ஓடுகிற ஊர்களும் உண்டு. ஆந்திரத்தில் பேலம் குகைகளுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். அங்கே சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீரில் சிறுகச் சிறுகக் கரைந்து, ஆள் நடந்து போகிற அளவுக்கு உள்ளே குடைந்துபோயிருக்கிறது. நம்முடைய பாறை அப்படிக் கரையும் ஜாதி இல்லை. தமிழ்நாட்டின் பரப்பில் 73 விழுக்காடு கடினப் பாறை என்று அரசுக் கணக்கே சொல்கிறது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதன் நட்ட நடுவில் இருக்கின்றன.

இதையெல்லாம் நான் யாரிடம் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் 1984இல் நாங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு கரடு உண்டு. கரடு என்றால் பெரிய மலை இல்லை. கறுப்புக் கற்கள், யானைகள் வரிசையாகப் படுத்திருப்பதுபோல், ஒரு நேர்கோட்டில் ஒன்றரை மைல் நீளத்துக்குக் கிடக்கும். சுற்றிலும் சாம்பல் நிறப் பாறை இருக்க, இது மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். உடைத்தால் உள்ளே பொடிப்பொடியான மணி, நல்ல கனம். கரட்டுக்கு மேல்பக்கம் இருந்த ஒரு கிணற்றில் முப்பத்தைந்து அடியிலேயே தண்ணீர் நின்றது. கோடையிலும் மாடு கட்டிக் கவலை இறைப்பார்கள். கரட்டுக்குக் கீழ்ப்பக்கம், இருநூறு தப்படி தள்ளி, கணவரை இழந்த ஓர் அம்மாவின் இரண்டரை ஏக்கர் இருந்தது. கேழ்வரகும் நிலக்கடலையும் வானம் பார்த்துப் போடுவார். அங்கே முப்பத்தைந்து என்றால் இங்கே நாற்பதில் கிடைத்துவிடும் என்று என் தகப்பனார் சொன்னார். நானும் சொன்னேன். அந்த அம்மா இரண்டு மாடுகளையும் காதுத் தோட்டையும் விற்றார்.

அறுபத்திரண்டு அடி இறங்கினோம். ஈரம்கூடத் தட்டவில்லை. கடைசி நாள் மேலே ஏறி வந்தபோது அவர் எங்களுக்குக் களியும் கீரையும் வைத்திருந்தார். பாக்கிக் கூலியை எண்ணிக் கொடுத்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதன் பிறகு என் தகப்பனார் அந்த வீதி வழியாகப் போனதே இல்லை. சந்தைக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டு போவார்.

இரண்டு ஆண்டு கழித்து, கிணறுகளின் நீர்மட்டத்தை அளப்பதற்காக நிலத்தடி நீர்ப் பிரிவில் இருந்து ஓர் அலுவலர் வந்தார். பாறை படித்தவர். கிணற்றுக்குள் இறங்கிக் காட்ட ஆள் வேண்டும் என்று என்னை அழைத்துப் போனார். கரட்டின் மேல் ஏறி நின்று, ஒரு கல்லைத் தட்டி உடைத்து, இது டோலரைட் என்றார். சுற்றியுள்ள சாம்பல் பாறை உருவாகி வெகுகாலத்துக்குப் பிறகு அதில் நீளமான வெடிப்பு விழுந்தது. அடியில் இருந்து உருகிய பாறைக் குழம்பு அந்த வெடிப்பில் ஏறி, வெளியே வராமல், உள்ளேயே உறைந்தது. அப்படி உறைந்த சுவரின் மேல் விளிம்புதான் இந்தக் கரடு. கண்ணுக்குத் தெரிவது பத்தடி உயரம். கீழே அது எவ்வளவோ தூரம் இறங்குகிறது. நிலத்துக்கு அடியில் தண்ணீர் சரிவைப் பார்த்து மெல்ல நகரும். வழியில் இந்தச் சுவர் நின்றால் மேல்பக்கம் தேங்கும், கீழ்ப்பக்கம் வறளும். “இது உங்கள் ஊருக்கு இயற்கை கட்டிய அணை” என்றார். கிருஷ்ணகிரி, தருமபுரி முழுவதும் இப்படிப்பட்ட கறுப்புச் சுவர்கள் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன என்றும், கருங்கிரானைட் என்று மெருகேற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களே, அது பெரும்பாலும் இந்தக் கல்தான் என்றும் சொன்னார்.

அன்று இரவு என் தகப்பனாரிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?” என்று கேட்டார். நான் மறுநாள் போய்ச் சொன்னேன். தெரிந்திருந்தால் வெட்டியிருக்க மாட்டோம் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் பத்தடித் தண்ணீர் நிற்கும். தை மாதத்தோடு வற்றிவிடும்.

அந்த வாரமே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். அதுமுதல் நான் இறங்கிய ஒவ்வொரு கிணற்றுக்கும், நான் நின்று பார்த்த ஒவ்வொரு ஆழ்துளைக்கும், எத்தனை அடியில் என்ன மண், என்ன கல், என்ன நிறத் தூள், எந்த அடியில் கண், தண்ணீர் வரத்து எத்தனை அங்குலம் என்று எழுதி வருகிறேன். மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த அலுவலர் நான்கு நாள் எங்கள் ஊரில் இருந்தார். மாலையில் பாறை மேல் உட்கார்ந்து நிறையச் சொன்னார். அதில் ஒன்றை நான் இன்றுவரை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கிருஷ்ணகிரியில் இருந்து தருமபுரி வழியாகச் சேலம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாலைக்காக வெட்டிய பாறைகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் சாம்பலும் இளஞ்சிவப்புமாக, வரி வரியான பாறை. அதற்கு நைஸ் என்று பெயர். பழைய பாறை, பூமிக்குள் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, மணிகள் எல்லாம் வரிசையாகத் திரும்பிப் படுத்ததனால் வந்த வரிகள் அவை. தருமபுரியை நெருங்க நெருங்க, பச்சை கலந்த கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும் பாறை தென்படும். அது சார்னோகைட். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் நம் சென்னைப் பக்கத்தில் இருந்து போனது. அந்தக் கல்லறையை வைத்து 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். பெயர் கல்கத்தாவுக்குப் போனாலும் கல் நம்முடையது.

இந்தப் பச்சைக் கறுப்புப் பாறை வேக வேண்டுமானால் 700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழம் வேண்டும். அதாவது கிருஷ்ணகிரியில் இருந்து தெற்கே வர வர, ஒரு காலத்தில் மேலும் மேலும் ஆழத்தில் கிடந்த பாறை மேல் நாம் போகிறோம். ஒரு பெரிய கிணற்றைச் சாய்த்துப் படுக்கவைத்து, அதன் மேல் தார்ச்சாலை போட்டதுபோல. உலகத்தில் இருந்து அறிஞர்கள் இந்தச் சாலைக்கு வந்து கல் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். நாம் அதே சாலையில் விபத்துக்குப் பேர்போன தொப்பூர்க் கணவாயைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டு போகிறோம். இந்தப் பாறைகளின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பூமியின் வயதே 454 கோடி ஆண்டுதான். இமயமலை எழும்பத் தொடங்கி 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. நம் பாறை உறைந்தபோது உலகத்தில் மரம் இல்லை, மீன் இல்லை, ஒரு புழுகூட இல்லை. அதனால்தான் அரியலூரில் கிடைப்பதுபோல் கல்லாய்ப்போன நத்தைகள் எங்கள் கிணறுகளில் கிடைப்பதில்லை.

அப்படியானால் 20 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த கல் எப்படி என் கடப்பாரைக்கு எட்டியது? இதை அந்த அலுவலரிடம் நானும் கேட்டேன். அவர் ஒகேனக்கல் பரிசலைக் காட்டி விளக்கினார். பரிசலில் பத்துப் பேர் உட்கார்ந்தால் அது அமிழ்ந்து மிதக்கும். ஒவ்வொருவராக இறங்க இறங்க மேலே வரும். பூமியின் மேலோடும் அடியில் இருக்கும் கனத்த பாறையின் மேல் அப்படித்தான் மிதக்கிறது. மேலே இருந்த மலைகளை மழையும் வெயிலும் காற்றும் ஆறும் அரித்துக் கடலுக்குக் கொண்டுபோயின. சுமை இறங்க இறங்க அடிப்பாறை எழும்பியது. எழும்பியதை மறுபடியும் மழை அரித்தது. எண்ண முடியாத காலம் இது நடந்து, கடைசியில் அடித்தளமே தரையாகிவிட்டது. ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில் இருக்கும் ஓசூர் மேட்டில் இருந்து சூளகிரி தாண்டி இறங்கி 1,600 அடியில் இருக்கும் கிருஷ்ணகிரிக்கு வரும்போது, வழியெல்லாம் தனித்தனியாக நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகள் அந்தப் பெரிய தேய்மானத்தில் தேயாமல் மிஞ்சியவை. கிருஷ்ணகிரிக் கோட்டை நிற்கும் மலையும் அப்படித்தான், இராயக்கோட்டை மலையும் அப்படித்தான்.

ஆறு ஓடுகிறது என்று எழுதிய அந்த விவசாயி நண்பர் இனி நான் சொல்வதைத் தயவுசெய்து நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஆழத்தில் இறுகிக் கிடந்த பாறை, மேல் சுமை போனதும் சற்றே விரியும். விரியும்போது மேல்பகுதி வெங்காயத் தோல்போலப் பலகை பலகையாகப் பிரியும். எங்கள் பக்கத்துக் கல்லுடைப்பவர்கள் பாறை மேல் விறகை அடுக்கித் தீ மூட்டிப் பலகையாகப் பெயர்ப்பார்கள். அது இந்தக் குணத்தை அறிந்த கை. சூளகிரி பக்கம் மல்லச்சந்திரத்தில் குன்றின் மேல் நம் முன்னோர் இறந்தவர்களுக்காக நிறுத்திய கற்திட்டைகளைப் போய்ப் பாருங்கள். எத்தனை பெரிய பலகைகள்! அவை பாறை தானாக உரிந்து கொடுத்த பலகைகள். அதே உரிதல் மண்ணுக்கு அடியிலும் நடந்திருக்கிறது. நம் கிணற்றில் படுத்தவாக்கில் ஓடும் வெடிப்புகள் அப்படி வந்தவை. செங்குத்தான வெடிப்புகள் பாறை பழங்காலத்தில் அசைந்தபோதும் முறிந்தபோதும் விழுந்தவை. மழைத்தண்ணீர் இறங்கித் தங்குவது இந்த இரண்டிலும்தான். படுத்தவாக்கில் விழுந்த வெடிப்பு, சுமை இறங்கியதால் வந்தது என்பதால், மேலே நெருக்கமாக இருக்கும், கீழே போகப்போகக் குறையும். முறிவினால் விழுந்த வெடிப்பையும், ஆழத்தில், மேலிருக்கும் பாறையின் கனம் இறுக்கி மூடுகிறது. ஐந்நூறு, அறுநூறு அடிக்குக் கீழே வெடிப்பே இருக்காது என்று நான் சொல்லவில்லை. பெரிய முறிவு ஒன்று போகிற இடத்தில் ஆயிரம் அடியிலும் தண்ணீர் கிடைத்ததை எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அது அரிது. கிடைத்தாலும் அது பழைய சேமிப்பு. இரண்டு கோடை இறைத்தால் மோட்டார் காற்றை இழுக்கும். ஆழ்துளை போட்டவர்கள், ‘புகைதான் வந்தது’ என்று சொல்வார்களே, அந்தப் புகை வேறொன்றும் இல்லை. வெடிப்பே இல்லாத பாறை அரைபட்டு வரும் உலர்ந்த தூள்.

ஔவைக்கு அதியமான் கொடுத்த நெல்லிக்கனி மலை விடரில் இருந்து பறித்தது என்று சிறு வயதில் படித்தோம். விடர் என்றால் பாறைப் பிளவு. தகடூர்ச் சீமையில் அன்றைக்கும் அருமையானது விடரில்தான் இருந்திருக்கிறது. பாறையைத் துளைத்து ஆறு தேடுவதைவிட, அந்த விடர்களுக்குள் மழை இறங்க வழி விடுவதுதான் நம் வேலை. ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை இங்கே பெய்கிறது. பாலக்கோட்டில் பெய்வது சின்னாற்றில் இறங்கி ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிறது. அரூர்ப் பக்கம் பெய்வது வாணியாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. நடுவில் ஏரி இருந்தால் கொஞ்சம் நின்று பாறைக்குள் இறங்கும். ஏரியைத் தூர்வாரும் செலவு மிச்சம் என்று அந்த விவசாயி எழுதிய ஒரு வரிதான் என்னை மிகவும் வருத்தியது. அந்த ஏரிதான் வெடிப்புக்குத் தண்ணீர் கொடுக்கும் வாய்.

ஆழம் போவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. அதை என் வாயைத் திறந்து காட்டியே சொல்லலாம். என் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் இருக்கின்றன. என் அண்ணனுக்கு ஐம்பது வயதிலேயே முதுகு வளைய மறுத்துவிட்டது. கீழே விழுந்த துண்டை எடுக்கக்கூட ஆள் வேண்டும். எங்கள் பாறையில் இருக்கும் காக்காப்பொன்னிலும் வேறு சில மணிகளிலும் புளோரைடு இருக்கிறது. தண்ணீர் பாறைக்குள் அதிக காலம் தங்கினால் அது அதிகம் கரைகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அளவு. எங்கள் வட்டாரத்தில் பல இடங்களில் அதற்கு மேல் இருந்தது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. என் பேத்தியின் பல் வெள்ளையாக இருக்கிறது. குழாயில் ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் ஆழ்துளைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள் என்று என் மருமகளிடம் இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பேத்தியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவள் ஒன்பதாம் வகுப்பு. சமூக அறிவியலில் நிலக்கோளம் என்று ஒரு பாடம். புவி மேலோடு, கவசம், கருவம் என்று ஒப்பிக்கிறாள். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்றையும் சொல்கிறாள். “உருமாறிய பாறைக்கு எடுத்துக்காட்டு?” என்று கேட்டேன். “பளிங்கு” என்றாள். பளிங்கை எங்கே பார்த்திருக்கிறாய் என்றால் படத்தில் என்கிறாள். அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய், அவள் பாட்டி தினமும் மிளகாய் அரைக்கும் அம்மியைக் கழுவச் சொன்னேன். தண்ணீர் பட்டதும் கறுப்பு வெள்ளை வரிகள் பளிச்சென்று தெரிந்தன. இதுதான் உருமாறிய பாறை, 250 கோடி ஆண்டு வயது என்றேன். அவள் அதை நம்பாமல் என் முகத்தையும் அம்மியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை வைத்துத் தடவினாள். மறுநாள் பள்ளிக்குப் போய்ச் சொன்னபோது ஆசிரியை அவளிடம் மேலும் கேட்டு, நான்கு மாணவிகளை எங்கள் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். நல்ல ஆசிரியை. அந்தப் பிள்ளைகளைக் கரட்டுக்கு அழைத்துப் போனேன்.

டீக்கடையில் இன்னொரு கேள்வியும் வருகிறது: இத்தனை துளை போடுகிறோமே, நிலநடுக்கம் வராதா என்று. வராது. நம் மேலோட்டின் தடிமன் 35 முதல் 45 கிலோமீட்டர். ஆயிரத்து இருநூறு அடித் துளை அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். நிலநடுக்கம் அடியில் இருக்கும் பழைய முறிவுகள் இறுக்கம் தாங்காமல் நழுவுவதால் வருவது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது; அந்த இறுக்கம் தெற்கே உள்ள பழைய பாறையிலும் சேர்கிறது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் நடுங்கியது, 1993இல் மராட்டியத்தில் கில்லாரி ஊரே தரைமட்டமாயிற்று. பழைய பாறை என்பதால் அசையவே அசையாது என்று நாம் இருந்துவிடக் கூடாது. வீட்டை ஒழுங்காகக் கட்ட வேண்டும். ஆனால் பழியைத் துளை மேல் போட வேண்டாம்.

இனி என் கோரிக்கை. 2015 முதல் ஆழ்துளைக் கிணறு போட ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பிள்ளைகள் குழியில் விழாமல் இருக்க வந்த விதி, நல்ல விதி. அந்த விண்ணப்பத்தோடு இன்னும் ஒரே ஒரு தாளைச் சேர்க்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ரிக் வண்டியில் துளையிடும் கம்பி ஒவ்வொரு ராடாக இறங்கும்போதும் தூள் தனியாக வந்து விழுகிறது. அதன் நிறத்தை எழுத வேண்டும். உதிரும் பகுதி சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது என்று எழுத வேண்டும். அதில் மக்கிய பாறையின் தடிமன் தெரிந்துவிடும். எந்த அடியில் தண்ணீர் வந்தது, எத்தனை அங்குலம், அல்லது வரவே இல்லை என்று எழுத வேண்டும். வராததை எழுதுவதுதான் முக்கியம். தண்ணீர் கிடைத்தவர் ஊருக்கெல்லாம் சொல்கிறார். கிடைக்காதவர் வெட்கப்பட்டு மூடிவிடுகிறார். அடுத்த வயல்காரர் அதே பாறையில் மறுபடியும் துளையிடுகிறார். இதற்குப் படித்த அதிகாரி வேண்டியதில்லை. வண்டியில் வேலை செய்யும் பையன்களுக்கு எங்கே கல் மாறுகிறது என்று சத்தத்திலேயே தெரியும். அந்தத் தாளை யாரும் கேட்காததால் அவர்கள் எழுதுவதில்லை. விடிந்ததும் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது, தூள் மழையில் கரைந்துபோகிறது.

தூளில் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து, எத்தனை அடி என்று எழுதி, பொட்டலமாகக் கட்டி அருகில் உள்ள பள்ளியில் கொடுக்கலாம். எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த ஆசிரியை ஒரு பழைய அலமாரியை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் அதில் கறுப்புத் தூளும் வெள்ளைத் தூளும் எந்தெந்த வயலில் வந்தன என்று குறித்தால், மண்ணுக்குள் மறைந்து ஓடும் கறுப்புச் சுவர் ஊர் வரைபடத்தில் தானாகவே தெரிந்துவிடும். கரடாக வெளியே தெரியாத சுவர்கள்தான் இங்கே அதிகம்.

தேங்காயும் வேப்பங்குச்சியும் கொண்டு நீரோட்டம் பார்ப்பவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்களில் சிலர் என் நண்பர்கள். அவர்களும் தங்கள் கணிப்பைத் துளை போடும் முன் அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்திடட்டும். பிறகு தண்ணீர் வந்ததா என்று அதே தாளில் எழுதுவோம்.

என் முதல் இரண்டு நோட்டுகளையும் பேத்தி இப்போது நல்ல எழுத்தில் படியெடுத்துக்கொண்டிருக்கிறாள். பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கங்களில் துளை போட எண்ணுபவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் ஒருமுறை எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்து, தங்கள் வயலுக்குப் பக்கத்தில் நான் எழுதியது ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை காலையில் நான் அங்கே இருப்பேன். ஆறு ஓடுகிறது என்று எழுதிய நண்பரும் வர வேண்டும். அவர் போட்ட நான்கு குழிகளின் விவரமும் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
கிணறு வெட்டும் தொழிலாளி ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.